பெயரில்லாத 386 மதர்போர்டு: என்ன போர்டு, எப்படி உயிர்ப்பிப்பது?

#1 · எட்டுபிட்_ஆர்வலன்

வணக்கம் நண்பர்களே. பழைய சாமான்களோடு ஒரு மதர்போர்டு (386 செயலி கொண்ட பழைய கணினியின் முதன்மைப் பலகை) கைக்கு வந்திருக்கிறது. எந்தக் கம்பெனிப் பெயரும் அதில் அச்சாகவில்லை. கண்ணில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

நடுவில் நான்கு பக்கமும் கால் உள்ள ஒரு சிப், போர்டிலேயே பற்றவைத்தது. மேலே ஏஎம்டி என்றும் ஏஎம்386டிஎக்ஸ்-40 என்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சதுர சாக்கெட் காலியாக இருக்கிறது. ஆப்டி 82சி391, 82சி392, அப்புறம் 82சி206 என்று மூன்று பெரிய சிப்கள். ரேமுக்கு 8 சாக்கெட், நான்கில் மட்டும் குச்சிகள் உண்டு. பளபளப்பான சின்ன உலோகப் பெட்டி ஒன்றில் 80.000 என்ற எண். கீபோர்டு கனெக்டரை ஒட்டி நீல நிறத்தில் பீப்பாய் போல ஒரு பேட்டரி. அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருக்கிறது.

இது என்ன போர்டு, ஜம்பர் (போர்டின் அமைப்பை மாற்றும் சின்னச் செருகி) விவரம் எங்கே கிடைக்கும், பவர் கொடுத்துப் பார்க்கலாமா என்று சொல்லுங்கள்.

#2 · ஈயப்பற்று

தம்பி, பவர் கொடுக்க வேண்டாம். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த நீல பேட்டரியை வெட்டி எடுங்கள். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. அந்தக் காலத்து 286, 386, 486 போர்டுகளை அதிகம் கொன்றது அதுதான். சால்டரிங் அயர்ன் தேடிக்கொண்டிருக்காமல் கட்டிங் பிளையரால் இரண்டு காலையும் நறுக்கிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காட்மியம் நச்சு. வெட்டியதைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவாக ஒப்படைத்துவிடுங்கள்.

அடையாளம் காண்பதற்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏஎம்டியின் 386டிஎக்ஸ்-40 சந்தைக்கு வந்தது 1991இல். 386 சிப் தனக்குக் கிடைக்கும் துடிப்பை உள்ளே இரண்டால் வகுத்துக்கொள்ளும். அதனால்தான் 40 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 80 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர். அந்த உலோகப் பெட்டி அதுதான். காலி சாக்கெட் 387 கணித இணைச்செயலிக்கு. அது இல்லாவிட்டாலும் போர்டு ஓடும்.

82சி206ஐக் கொஞ்சம் மதிப்போடு பாருங்கள். ஐபிஎம் ஏடி கணினியில் தனித்தனியாக இருந்த இரண்டு 8237 டிஎம்ஏ சிப், இரண்டு 8259 இன்டரப்ட் சிப், 8254 டைமர், கடிகாரமும் சிமாஸ் நினைவகமும் (கணினியின் அமைப்புகளைச் சேமிப்பது) கொண்ட 146818 எல்லாம் அந்த ஒரே சிப்புக்குள் இருக்கின்றன. நீல பேட்டரி சோறு போட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

போர்டின் வயதுக்கு சிப்களின் மேலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 9218 என்றால் 1992ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். எல்லா சிப்பையும் பார்த்து, இருப்பதிலேயே பிந்தைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு அதற்கு முன்னால் தயாராகியிருக்க முடியாது. ஒரே ஒரு சிப்பின் தேதி மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகப் பிந்தியிருந்தால் யாரோ பின்னாளில் அதை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தைச் சுற்றிப் பழுது பார்த்த தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனிப் பெயர் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். போர்டு ஓடினால் ஏமி பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) திரையின் அடியில் நீளமாக ஒரு எண் வரிசை காட்டும். தயாரிப்பாளர் எண் அதற்குள் இருக்கிறது. அதுவரை சிப்செட் (அந்த மூன்று பெரிய சிப்கள்), ஸ்லாட் எண்ணிக்கை, கேஷ் (வேக இடைநினைவகம்) சாக்கெட்டுகளின் இடம், ஜம்பர் எண்கள் ஆகியவற்றை வைத்து டோட்டல் ஹார்ட்வேர் 99 தொகுப்பிலும் தி ரெட்ரோ வெப் தளத்திலும் உள்ள போர்டு வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே போர்டை நாலைந்து பெயர்களில் விற்ற காலம் அது. பெயரைத் தேடாதீர்கள், வரைபடத்தைத் தேடுங்கள்.

#3 · டாஸ்_பிரியை

ஒரு வேண்டுகோள். பயாஸ் சிப்பின் மேல் ஏமி ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனிப் பெயர் தெரியுமா என்று பார்க்க அதை உரித்துவிடாதீர்கள். அடியில் குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ரோம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய ரோம் சிப்) இருக்கக்கூடும். புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருப்பது அழியும். அறை வெளிச்சத்தில் உடனே அழியாது, ஆனால் நேரடி வெயிலில் நாட்கணக்கில் திறந்து கிடந்தால் ஆபத்து.

ரோம் ரீடர் வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அந்த ரோமில் (பயாஸ் சிப்பில்) இருப்பதை ஒரு ஃபைலாக எடுத்து வையுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈப்ரோமில் தகவல் என்பது அடைபட்டுக் கிடக்கும் மின்னூட்டம். முப்பது ஆண்டு தாண்டியவற்றில் அது கசிந்து சில பிட்கள் தடுமாறுவது உண்டு. போர்டைக் காப்பாற்ற முடியாமலே போனாலும் அதன் பயாஸ் பிழைத்திருந்தால், அதே போர்டு வைத்திருக்கும் இன்னொருவருடைய கணினி அதனால் எழுந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு போர்டிலும் ரோம் எடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டே இருக்கிறேன்.

#4 · மின்தடை

பவர் சப்ளை பற்றி யாரும் பேசவில்லையே. போர்டுக்குக் கொடுக்கும் முன் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள்.

பழைய ஏடி சப்ளையின் உள்ளே மெயின்ஸ் வரும் இடத்தில் மஞ்சள் நிற, கண்ணாடி மாதிரி உறை கொண்ட பேப்பர் கெப்பாசிட்டர்கள் இருந்தால் உறையில் விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய், பவர் கொடுத்த சில நிமிடங்களில் புகை கக்கும். அந்த இடத்துக்கு எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்புத் தரம்) போட்ட பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போடுங்கள், சாதாரண கெப்பாசிட்டர் கூடவே கூடாது. சப்ளையைத் திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் வடிந்துவிட்டதா என்று மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஏடி கணினியின் முன்பக்க சுவிட்சுக்கு வரும் கம்பியிலும் மெயின்ஸ்தான் ஓடுகிறது, பின்னாளில் வந்த ஏடிஎக்ஸ் போல 5 வோல்ட் சிக்னல் அல்ல. இதில் பழக்கமில்லாதவர்கள் சப்ளையைத் திறக்கவே வேண்டாம்.

போர்டுக்கு வரும் இரண்டு கனெக்டர்களும் பி8, பி9. இரண்டையும் மாட்டும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். மாற்றி மாட்டினாலும் உள்ளே போய்விடும், போர்டு அன்றோடு முடிந்தது.

லோடு இல்லாமல் பழைய ஸ்விட்சிங் சப்ளைகள் சரியான அளவு காட்டாது, சில கிளம்பவே கிளம்பாது. உபயோகமில்லாத ஒரு ஹார்டு டிஸ்கை மாட்டிவிட்டு அளவெடுங்கள். சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மஞ்சளில் 12. நீலத்தில் மைனஸ் 12, வெள்ளையில் மைனஸ் 5. பி8இன் முதல் கம்பி, பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், பவர் குட். சப்ளை நிலைப்பட்டதும் அதில் 5 வோல்ட் வர வேண்டும். அது வரும்வரை போர்டு ரீசெட்டிலேயே கிடக்கும்.

#5 · எட்டுபிட்_ஆர்வலன்

எல்லோருக்கும் நன்றி. பேட்டரியை நறுக்கிவிட்டேன். பிந்தைய தேதி 9231, ஆக 1992இன் நடுப்பகுதிக்குப் பிந்தைய போர்டு. நண்பர் ஒருவரிடம் ரீடர் இருந்தது, ரோமை எடுத்தாயிற்று, இரண்டு படிப்பும் ஒன்றாகவே இருந்தன. ரெட்ரோ வெப்பில் இதே அமைப்பில் ஒரு போர்டு கிடைத்துவிட்டது. ஜம்பர் எண்களும் பொருந்துகின்றன.

பேட்டரி இருந்த இடத்தில் போர்டின் பச்சைப் பூச்சு கறுத்திருக்கிறது. சில கோடுகள் அரித்துப் போனது போலத் தெரிகின்றன. பக்கத்தில் 40 கால் சிப் ஒன்று சாக்கெட்டில் இருக்கிறது, அந்த சாக்கெட்டின் ஓரக் கால்களும் பச்சையாக இருக்கின்றன. எதைக் கொண்டு துடைப்பது?

#6 · பழுதுபார்ப்பவன்

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போட்டுத் தேய்ங்க. பேட்டரி அமிலம் எல்லாம் அதுல அடங்கிடும். அப்புறம், இவ்வளவு பழைய போர்டுன்னா எல்லா கெப்பாசிட்டரையும் மாத்திடுறது நல்லது. நான் எந்த போர்டு வந்தாலும் முதல்ல அதைத்தான் செய்வேன்.

#7 · ஈயப்பற்று

நண்பர் சொன்ன இரண்டிலும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துச் செய்பவர்கள் நிறையப் பேர்.

இந்த பேட்டரியிலிருந்து வருவது அமிலம் அல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரம். காரத்தின் மேல் சோடாவைப் போட்டால் ஒன்றும் அடங்காது. மென்மையான அமிலம் வேண்டும்: வெள்ளை வினிகர் அல்லது நீர்த்த சிட்ரிக் அமிலம். லெட் ஆசிட் பேட்டரி கசிந்திருந்தால்தான் சோடா. பேட்டரியின் வகையைப் பார்க்காமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முறை இது. அந்த 40 கால் சிப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் வினிகரைத் தொட்டுத் தேய்க்க வேண்டும். நுரைப்பது நின்ற பிறகும் அங்கேயே ஊறவிடாதீர்கள். வினிகர் தாமிரத்தையும் தின்னும். காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஸ்லாட்டுகளின் அடியிலும் ஈரம் இல்லாமல் முழுக்கக் காயவிடுங்கள். கறுத்த பூச்சைக் கண்ணாடியிழைப் பேனாவாலோ மெல்லிய கத்தி நுனியாலோ சுரண்டித் தாமிரம் மின்னும்வரை போங்கள். பூச்சின் அடியில் அரிப்பு கோட்டோடு ஊர்ந்து போயிருக்கும். மேலே பச்சையாக நன்றாகத் தெரியும் இடத்திலும் கோடு கறுத்திருந்தால் அங்கேயும் சுரண்ட வேண்டும். சுரண்டும் தூள் கண்ணிலும் மூச்சிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் பச்சையாகிவிட்டது என்கிறீர்கள். அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் தகடு அரித்திருந்தால் இன்று வேலை செய்து நாளை விடும். சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். பழைய ஈயம் காரத்தால் மங்கி உருகாது. புது ஈயமும் ஃப்ளக்ஸும் சேர்த்து உருக்கிய பிறகு உறிஞ்சுங்கள். பிளாஸ்டிக் உடலைத் துண்டு துண்டாக உடைத்து, காலை ஒவ்வொன்றாக எடுத்தால் துளையின் உட்பூச்சு தப்பும். முழு சாக்கெட்டையும் ஒரே இழுப்பில் பிடுங்கினால் அந்த உட்பூச்சும் கூடவே வந்துவிடும்.

கெப்பாசிட்டர் விஷயம். 2000ஐ ஒட்டி வந்த போர்டுகளில் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கூட்டமாக வீங்கிக் கசிந்தது உண்மை. அங்கே கூண்டோடு மாற்றுவது நியாயம். 1992 போர்டில் உள்ள எண்ணிக்கையே குறைவு, பெரும்பாலானவை இன்றும் நன்றாக இருக்கின்றன. இறந்த போர்டில் பழுதைக் கண்டுபிடிக்கும் முன் இருபது பாகத்தை மாற்றினால், பழைய பழுதோடு நம் கையால் வந்த புதுப் பழுதும் சேரும், எது எதுவென்று பிரிக்க முடியாது. அளந்து பார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றுவோம்.

#8 · பழுதுபார்ப்பவன்

காரம்ங்கிற விஷயம் சரிதான், ஏத்துக்கிறேன். ஆனா கெப்பாசிட்டர்ல விட்டுக்கொடுக்க மாட்டேன் 🙂 ஓடுற போர்டை வருஷக்கணக்கா வெச்சுக்கணும்னு நினைக்கிறவங்க, கசியறதுக்கு முன்னாடியே மாத்துறதுதான் பாதுகாப்பு. கசிஞ்ச பிறகு ட்ரேஸும் சேர்ந்து போயிடுது. செத்த போர்டுல முதல்ல பழுதைக் கண்டுபிடிக்கணும்னு நீங்க சொல்றது வேற விஷயம், அதுல எனக்குச் சண்டை இல்ல.

#9 · எக்ஸ்டி_காவலன்

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பவர் சப்ளை பேச்சு வந்ததால் கேட்கிறேன். என்னிடம் ஐபிஎம் 5160 எக்ஸ்டி கணினி இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது. சப்ளையைத் தனியாக ஹார்டு டிஸ்கோடு சோதித்தால் எல்லா வோல்ட்டும் சரி. போர்டு செத்துவிட்டதா?

#10 · மின்தடை

செத்திருக்க வாய்ப்பு குறைவு. எக்ஸ்டியிலும் 1981இல் வந்த 5150 பிசியிலும் இது மிகவும் தெரிந்த நோய். 12 வோல்ட் பாதையில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத்தான் நின்றுவிடுகிறது. உங்கள் சப்ளை தன் கடமையைச் செய்கிறது.

பி8, பி9 இரண்டையும் கழற்றிவிட்டு, போர்டு பக்கம் 12 வோல்ட் பின்னுக்கும் கறுப்புக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் ஷார்ட். மைனஸ் 12, மைனஸ் 5 பாதைகளையும் அப்படியே பாருங்கள். ஸ்லாட்டில் உள்ள கார்டுகளை எல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். கெட்ட டான்டலம் கார்டிலும் இருக்கலாம், ஃபிளாப்பி டிரைவிலும் இருக்கலாம். கார்டை எடுத்ததும் ஷார்ட் மறைந்தால் அந்த கார்டைப் பிடியுங்கள்.

போர்டில்தான் என்றால் ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி அளக்க வேண்டும். ஐபிஎம் போட்டவை மூன்று கால் டான்டலம், 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட். நடுக்கால் பிளஸ், ஓரக் கால்கள் இரண்டும் கிரவுண்ட். 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் பாகம் என்பது டான்டலத்துக்கு மிகவும் நெருக்கமான அளவு. 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள்.

இரண்டு கால் டான்டலம் வாங்கினால் ஒன்றை மனதில் வையுங்கள். டான்டலத்தில் கோடோ பிளஸ் குறியோ போட்டிருக்கும் பக்கம் பிளஸ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். ஒன்றுக்கொன்று நேர் எதிர். டான்டலத்தைத் திருப்பி மாட்டினால் தீப்பொறியோடு வெடிக்கும். பழுது பார்த்த போர்டை முதல் முறை ஓட்டும்போது முகத்தை மேலே வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

#11 · எட்டுபிட்_ஆர்வலன்

ஈயப்பற்று அண்ணா சொன்னபடியே சுத்தம் செய்து சாக்கெட்டை மாற்றிவிட்டேன். இரண்டு கோடுகள் முழுக்க அறுந்திருந்தன, மெல்லிய எனாமல் கம்பியால் இணைத்துக் கன்டினியுட்டி பார்த்தேன். விஜிஏ கார்டும் போஸ்ட் கார்டும் (போர்டு எழும் நிலையை விளக்காலும் எண்ணாலும் காட்டும் சோதனைக் கார்டு) மட்டும் வைத்துப் பவர் கொடுத்தேன்.

போஸ்ட் கார்டில் 5, 12, மைனஸ் 12, மைனஸ் 5 விளக்குகள் நான்கும் எரிகின்றன. கிளாக் விளக்கும் எரிகிறது. ரீசெட் விளக்கு மட்டும் அணையவே இல்லை. எண் காட்டும் இடத்தில் வெறும் கோடு. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

#12 · ஈயப்பற்று

அருமை, இது நல்ல செய்தி. ரீசெட் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சிபியூ இன்னும் ஒரு கட்டளையைக்கூடப் படிக்கவில்லை. அதனால் ரேம், பயாஸ், விஜிஏ எதையும் இப்போது சந்தேகிக்க வேண்டாம்.

பி8இன் முதல் பின்னில் பவர் குட் 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். பல போர்டுகளில் 74எல்எஸ்14 போன்ற ஒரு சின்ன இன்வெர்ட்டர் சிப்புக்குப் போய், அங்கிருந்து சிப்செட்டுக்குப் போகும். கனெக்டரில் இருந்து அந்த முதல் சிப் வரை அளந்து பாருங்கள். பவர் கனெக்டரும் பேட்டரியும் கீபோர்டு கனெக்டரும் ஒரே மூலையில் இருப்பதால் அரிப்பில் இந்தக் கோடு மாட்டுவது சகஜம். முன்பக்க ரீசெட் பட்டனுக்கான இரண்டு பின் ஷார்ட் ஆகாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

#13 · எட்டுபிட்_ஆர்வலன்

கனெக்டரில் 5 வோல்ட், சிப்பின் காலில் பூஜ்யம்! கோட்டை மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரிகிறது. போர்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் சின்னத் துளையின் உட்பூச்சு அரித்துப் போயிருக்கிறது. துளை வழியாக ஒரு கம்பியைக் கொடுத்து இருபக்கமும் பற்றவைத்தேன். ரீசெட் விளக்கு அணைந்தது. எண்கள் ஓடின!

இப்போது ஸ்பீக்கரில் 6 பீப். திரையில் ஒன்றும் இல்லை.

#14 · டாஸ்_பிரியை

வாழ்த்துகள்! ஏமி பயாஸில் 6 பீப் என்றால் கீபோர்டு கன்ட்ரோலர், கேட் ஏ20. நீங்கள் சாக்கெட் மாற்றிய அந்த 40 கால் சிப்தான் கீபோர்டு கன்ட்ரோலர், 8042 வகை.

கீபோர்டு சிப் கெட்டால் கணினி ஏன் நிற்க வேண்டும் என்று புதியவர்கள் கேட்பார்கள். 8088இல் முகவரிக் கோடுகள் 20தான். 1 மெகாபைட்டைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்தச் சுற்றலை நம்பி எழுதிய மென்பொருள்கள் இருந்தன. 1984இல் ஏடி வந்தபோது 286க்கு 24 முகவரிக் கோடுகள். பழைய மென்பொருள் உடையாமல் இருக்க 21ஆவது கோடான ஏ20ஐத் திறந்து மூடும் வசதி தேவைப்பட்டது. கீபோர்டு கன்ட்ரோலரில் ஒரு கால் சும்மா இருந்ததால் அந்த வேலையை அதனிடம் கொடுத்துவிட்டார்கள். அன்று எடுத்த அந்த முடிவு எத்தனை தலைமுறைக் கணினிகளைப் பின்தொடர்ந்து வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

#15 · ஈயப்பற்று

டாஸ்_பிரியை சொன்னதோடு கால் எண்களையும் தருகிறேன். 40 கால் 8042இல் 40ஆவது கால் 5 வோல்ட், 20 கிரவுண்ட், 4 ரீசெட், 2ம் 3ம் துடிப்புக்கு. 21ஆவது கால் சிபியூவை ரீசெட் செய்வது, 22ஆவது கால் கேட் ஏ20. பவர், கிரவுண்ட், துடிப்பு மூன்றும் சரி என்றால் 22ஐ சிப்செட் வரை பின்தொடருங்கள். டேட்டா கோடுகள் 12 முதல் 19 வரை. அவற்றில் ஒன்று அறுந்தாலும் இதே 6 பீப் வரலாம். சிப்பின் மேல் அளக்காதீர்கள், சாக்கெட்டின் அடியில் போர்டில் அளங்கள். புதிதாக வைத்த பற்று சரியில்லாவிட்டால் அங்கேதான் தெரியும்.

சிப்பின் கால்களும் கறுத்திருக்கும். கண்ணாடியிழைப் பேனாவால் மெதுவாகத் தேய்த்து மின்ன வைத்த பிறகு சொருகுங்கள். கால் உதிர்ந்துவிடும் நிலையில் இருந்தால் வேறு போர்டிலிருந்து ஏமி கீபோர்டு பயாஸ் சிப் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து ஏடி வகை போர்டுகளில் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

#16 · எக்ஸ்டி_காவலன்

மின்தடை அண்ணா, நீங்கள் சொன்னபடியே 12 வோல்ட் பாதையில் ஒரு ஓம்தான் இருந்தது. கார்டுகளை எடுத்தும் மறையவில்லை. போர்டில் ஒரு டான்டலத்தைத் தூக்கியதும் ஷார்ட் போய்விட்டது. 25 வோல்ட் பாகம் போட்டேன், எக்ஸ்டி எழுந்துவிட்டது. இப்போது திரையில் ஒரு முகவரி, பிறகு 04, பிறகு 201 என்று காட்டுகிறது. முகவரி 1 என்று தொடங்குகிறது.

#17 · ஈயப்பற்று

201 என்றால் நினைவகப் பிழை. ஐபிஎம் வரிசையில் 301 கீபோர்டு, 601 ஃபிளாப்பி, 1701 ஹார்டு டிஸ்க். இதில் ஐபிஎம் செய்த நல்ல காரியம், எந்த சிப் என்றே அது சொல்லிவிடுகிறது. முகவரி 1இல் தொடங்குவதால் முதல் 64 கிலோபைட்டைத் தாண்டியது. 64 கிலோபிட் சிப்கள் கொண்ட போர்டில் அது இரண்டாம் வரிசை. நடு எண்ணை பிட்டாகப் பாருங்கள்: 01 என்றால் பிட் 0, 02 என்றால் பிட் 1, 04 என்றால் பிட் 2, இப்படியே 80 வரை. 00 என்றால் பாரிட்டி (பிழை சரிபார்க்கும்) சிப். ஆக உங்களுடையது இரண்டாம் வரிசையில் பிட் 2.

அந்த வரிசை சாக்கெட்டில்தான் இருக்கும். பிட் 2 சிப்பையும் பக்கத்துச் சிப்பையும் இடம் மாற்றுங்கள். எண் 04இலிருந்து மாறினால் சிப் கெட்டது, மாறாவிட்டால் சாக்கெட்டோ கோடோ. தேவை 4164 வகை, 200 நானோசெகண்டு அல்லது அதைவிட வேகமானது. 4164இல் 8ஆவது கால் 5 வோல்ட், 16 கிரவுண்ட். வழக்கமான 74 வரிசை சிப்களுக்கு இது தலைகீழ், அதனால் வேறு சிப்பின் பழக்கத்தில் அளந்து குழம்ப வேண்டாம். முதல் வரிசையில் பிழை என்றால் இவ்வளவு விவரமும் கிடைக்காது. திரையே வராமல் நின்றுவிடும்.

#18 · எட்டுபிட்_ஆர்வலன்

திரை வந்துவிட்டது!! 22ஆவது காலின் கோடு சாக்கெட்டின் அடியிலேயே அறுந்திருந்தது. ஏமி பயாஸ், 4096 கேபி வரை எண்ணியது, அடியில் அந்த நீண்ட எண் வரிசையும் வந்தது. இப்போது மூன்று செய்தி: சிமாஸ் பேட்டரி குறைவு, செக்சம் பிழை, கீபோர்டு பிழை. கீபோர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. வேறு கணினியில் அது நன்றாக வேலை செய்கிறது.

#19 · மின்தடை

கீபோர்டு கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் கனெக்டரை ஒட்டி, ரெசிஸ்டர் போன்ற உருவத்தில் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும். அது போயிருக்கும். ரெசிஸ்டர் என்று எண்ணிப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓம் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கம்பியால் ஷார்ட் செய்யாமல் ஃபியூஸே போடுங்கள்.

கீபோர்டின் அடியில் எக்ஸ்டி, ஏடி சுவிட்ச் இருந்தால் ஏடி பக்கம் வையுங்கள். ஐந்து பின் வட்ட கனெக்டர் இரண்டுக்கும் ஒன்றுதான், பேசும் முறை வேறு.

பேட்டரி விஷயத்தில் கவனம். பழைய இடத்தில் நேரடியாக லித்தியம் நாணய பேட்டரியை வைக்காதீர்கள். அது சார்ஜ் ஏற்றும் சர்க்யூட். சார்ஜ் ஏறக்கூடாத லித்தியத்துக்குள் மின்னோட்டத்தைத் தள்ளினால் கசியும், வெடிக்கவும் கூடும். போர்டில் வெளி பேட்டரிக்கு நான்கு பின் கனெக்டர் இருந்தால் ஜம்பரை வெளிப்பக்கம் மாற்றி அதைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் 1ஆவது பின் பிளஸ், 4ஆவது கிரவுண்ட், ஆனாலும் அளந்து உறுதி செய்யுங்கள். அந்தப் பாதையில் சார்ஜ் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ஷாட்கி டயோடு ஒன்று தொடராக. சாதாரண சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும், 3 வோல்ட் பேட்டரிக்கு அது அதிகம். எதுவானாலும் பேட்டரியைக் கம்பி வைத்துப் போர்டுக்கு வெளியே வையுங்கள். இன்னொரு கசிவு இந்த போர்டைத் தொடவே கூடாது.

#20 · டாஸ்_பிரியை

இதைப் படிக்கும் 486 காரர்களுக்கு ஒரு குறிப்பு. டல்லாஸ் டிஎஸ்1287 என்ற கறுப்பு, தடித்த கடிகாரச் சிப் இருந்தால் பேட்டரி அதன் உள்ளேயே ரெசினில் புதைந்திருக்கும். கசியாது, ஆனால் தீர்ந்துவிடும். மாற்றுப் பலகை வாங்கிப் போடலாம். இல்லாவிட்டால் ரெசினைச் சுரண்டி 16ஆவது, 20ஆவது கால்களின் உள் இணைப்பைத் துண்டித்து, வெளியே 3 வோல்ட் பேட்டரி கொடுக்கலாம், 20 பிளஸ்.

இன்னொன்று, 1990களின் நடுவில் வந்த சில 486 போர்டுகளில் கேஷ் சிப்கள் போலி. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக். மேலே ரைட் பேக் என்று அச்சிட்டிருப்பார்கள், பயாஸும் 256 கேபி என்று பொய் காட்டும். கேஷ்செக் போன்ற நிரலால் வேகத்தை அளந்தால் தெரிந்துவிடும். அந்த போர்டில் கேஷ் பழுது என்று தேடி நாட்களை வீணாக்காதீர்கள்.

#21 · எட்டுபிட்_ஆர்வலன்

ஃபியூஸ்தான்! கீபோர்டு வந்துவிட்டது. வெளி பேட்டரியும் மாட்டியாயிற்று, தேதி நிற்கிறது. அடுத்தது டிஸ்க். ஐடிஇ கார்டு ஒன்று இருக்கிறது, காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை அடாப்டரில் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறேன். அட்டை 4 ஜிபி.

#22 · ஈயப்பற்று

மாட்டலாம். பயாஸில் 47ஆம் வகையைத் தேர்ந்தெடுத்து 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று கொடுங்கள். 52,84,82,304 பைட் வரைதான் இந்த பயாஸுக்குத் தெரியும். மிச்சம் கண்ணுக்குப் படாது, டாஸுக்கு அதுவே தாராளம். எஃப்டிஸ்கில் (டிஸ்கைப் பிரிக்கும் டாஸ் நிரல்) பிரித்த பிறகு அட்டையிலிருந்து பூட் ஆகாவிட்டால் எஃப்டிஸ்க் எம்பிஆர் கட்டளையை ஒருமுறை கொடுங்கள், பார்டிஷன் ஆக்டிவ் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். முழு 4 ஜிபியும் வேண்டுமென்றால் எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு ரோமில் எழுதி, நெட்வொர்க் கார்டின் காலி ரோம் சாக்கெட்டில் வைக்கலாம். எக்ஸ்டி_காவலனுக்கும் இது உதவும், எட்டு பிட் கார்டிலும் ஓடும்.

அந்த நீண்ட எண் வரிசையையும் ரோம் ஃபைலையும் போர்டின் இரு பக்கப் படங்களையும் ரெட்ரோ வெப்பில் அதே போர்டின் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பவர் குட் துளை இருக்கும் இடத்தைப் படத்தில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

#23 · எக்ஸ்டி_காவலன்

இடம் மாற்றியதும் 04 என்பது 08 ஆனது. சிப்தான். 4164 ஒன்று கழற்றி வைத்திருந்தேன், போட்டதும் 201 போய்விட்டது. இப்போது 1701 மட்டும். ஹார்டு டிஸ்க் சுழல்கிறது, ஆனால் ஹெட் நகரும் சத்தம் வரவில்லை. டிஸ்கின் மாடல் எஸ்டி-225. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.